நைனா வாசலில் நிற்கிற பஸ்

அடிபட்டவர்கள் வார்டில் வேலை பார்க்கிற நர்சுக்கு நன்றி என்பது எளிதில் கிடைக்காத சரக்கு. காய்ச்சல் வார்டில் குணமானவன் போகும்போது கும்பிட்டுவிட்டுப் போவான். பிரசவ வார்டில் சர்க்கரை கொடுப்பார்கள், குழந்தைக்கு என்ன பேர் வைக்கலாம் என்றுகூடக் கேட்பார்கள். எங்கள் வார்டுக்கு வருகிறவன் மயக்கத்தில் வருவான், வலியில் நம் பரம்பரையையே திட்டுவான், போட்ட கட்டு காய்வதற்குள் வேறு வைத்தியரைத் தேடி ஓடுவான்.

நான் திருத்தணியில் அந்த வார்டில் இருந்தது எழுபதுகளின் நடுவிலிருந்து எண்பதுகளின் தொடக்கம் வரை. ஆஸ்பத்திரி மெயின் ரோட்டின் மேலேயே இருந்தது. மெட்ராஸுக்கும் திருப்பதிக்கும் ஓடுகிற பஸ், லாரி, யாத்திரை வேன் எல்லாம் எங்கள் காம்பவுண்டுச் சுவரை உரசிக்கொண்டு போகும். போகும், நிற்காது. காலொடிந்தவன்கூட பஸ் ஸ்டாண்டு வரை போய் இறங்கி, அங்கிருந்து சைக்கிள் ரிக்‌ஷாவில் குலுங்கிக்கொண்டு திரும்பி வரவேண்டும். ஒரு ஸ்டாப் போடச் சொல்லி நான் கெஞ்சாத கண்டக்டர் இல்லை.

அதே பஸ் நகரி ரோட்டில் ஆந்திர எல்லையைத் தாண்டியதும் ஒரு கிராமத்தில் தவறாமல் நிற்கும். அங்கே எலும்புக்குக் கட்டுப் போடுகிற பெரியவர் ஒருவர் இருந்தார். பேர் சுப்பய்யா. பேர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. தெலுங்குக்காரர்கள் அப்பாவைக் கூப்பிடுகிற மாதிரி 'நைனா' என்றுதான் எல்லைக்கு இரண்டு பக்கத்து ஜனங்களும் சொல்வார்கள். அவர் வாசலில் ஸ்டாப் என்று போர்டு எதுவும் கிடையாது. கண்டக்டர் விசில் அடித்து, நைனா வீடெல்லாம் இறங்கு என்று குரல் கொடுப்பார். பாதி பஸ் காலியாகும்.

பக்கத்துக் கடையில் கூட்டம் அலைமோதுவதைப் பார்த்துக்கொண்டே தன் கடையைத் திறந்து வைத்து உட்கார்ந்திருக்கிற யாருக்கும் நான் பட்ட பாடு சொல்லாமலே விளங்கும். பொறாமை பாவம் என்று எங்கள் சர்ச்சில் போதகர் பிரசங்கம் செய்தபோதெல்லாம் நான் கூரையிலிருந்த குருவிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உரித்துப் போட்ட மாவுக்கட்டு

முனிரத்தினம் பொதட்டூர்பேட்டையில் வீட்டிலேயே தறி போட்டு லுங்கி நெய்கிறவர். நெய்ததை மூட்டை கட்டி பஸ் மேலே ஏற்றிவிட்டு, உள்ளே இடமில்லாததால் படியில் தொங்கிக்கொண்டு வந்தார். வளைவில் பஸ் சாயும்போதெல்லாம் மூட்டை விழுந்துவிடுமோ என்று வெளியே எட்டி எட்டி மேலே பார்த்திருக்கிறார். ஒரு தடவை அப்படி எட்டிப் பார்த்தபோது எதிரே கரும்பு ஏற்றிய மாட்டுவண்டி வந்தது. மூட்டை பத்திரமாக பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்தது. முனிரத்தினம் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து எங்களிடம் வந்து சேர்ந்தார்.

எங்கள் டாக்டர் மெட்ராஸ்காரர், சின்ன வயசு. எலும்பை இழுத்து நேராக வைத்தார். நான் மாவுச்சுருளைத் தண்ணீரில் நனைத்து நனைத்துக் கொடுத்தேன், காலைத் தூக்கிப் பிடித்தேன். கட்டு கனகச்சிதமாக வந்தது. பார்க்கப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. டியூட்டி முடிந்து போகும்போது அவர் மனைவியைக் கூப்பிட்டு, கட்டு நனையக் கூடாது, கால் விரல் மரத்தாலோ கறுத்தாலோ உடனே ஆளைக் கூப்பிட வேண்டும் என்று விளக்கினேன். அந்த அம்மாள் எல்லாவற்றுக்கும் "ஆங், ஆங்" என்று தலையாட்டினாள்.

காலையில் வந்தால் கட்டில் காலி. தலையணைக்குப் பக்கத்தில் என் மாவுக்கட்டு, வெந்நீரில் ஊறவைத்து நீளவாக்கில் கீறி, சுளை எடுத்த பலாத்தோல் மாதிரி விரிந்து கிடந்தது. வார்டு உதவியாளர் கோவிந்தன் அதைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயசு ஆள். ஊரில் யாருக்கு என்ன நடந்தாலும் அவருக்குத் தகவல் வந்துவிடும். எங்கே போனார்கள் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "எக்ஸ்ரே படத்தையும் எட்துகினு போயிட்டாங்க சிஸ்டர். நம்ம படம் நல்லா தெளிவா கீதுன்னு நைனாவே சொல்றாராம்."

சோடா கொடுக்காத பாவம்

ரோட்டில் ஒருவன் விழுந்தால் நம் ஜனங்கள் ஓடி வருவார்கள். அதில் குறை சொல்லவே முடியாது. ஓடி வந்த பிறகு அவர்கள் செய்வதுதான் எங்களுக்கு வேலை வைக்கும். ரத்தம் வருகிற இடத்தில் காபித்தூளை அப்புவார்கள். ஆளுக்கொரு கை, ஆளுக்கொரு கால் என்று பிடித்து மூட்டை தூக்குகிற மாதிரி தூக்கி வேனில் போடுவார்கள். அதுவரை உள்ளே இருந்த எலும்பு அப்போதுதான் வெளியே வரும். கடைசியில் சோடா. மயங்கிக் கிடக்கிறவன் வாயைப் பிளந்து சோடா ஊற்றாமல் விட்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

எங்கள் ஊருக்கென்று இன்னொன்று தனியாக உண்டு. ஆடிக் கிருத்திகைக்கு வந்த ஒரு வேன் மலையிலிருந்து இறங்கும்போது வளைவில் கவிழ்ந்தது. ஒரு பெண்ணுக்கு நெற்றியிலிருந்து உச்சி வரை கிழிந்திருந்தது. கிழிசல் முழுக்கக் கோயில் விபூதி. கூட வந்தவர்கள் கையிலிருந்த பொட்டலத்தையெல்லாம் பிரித்து அதில் அடைத்திருந்தார்கள். தையல் போடுவதற்கு முன் நான் அதைக் கழுவி எடுக்க, சாமி பிரசாதத்தைச் சாக்கடையில் விடுகிறாளே என்று அவள் மாமியார் வாசலில் நின்று அழுதாள். நான் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி வேறு. அந்த அம்மாள் என்ன நினைத்திருப்பாள் என்று சொல்ல வேண்டியதில்லை. காயம் சீழ் வைக்காமல் ஆறியது. அந்தக் குடும்பம் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நேரே மலையேறிப் போய் மொட்டை போட்டுக்கொண்டது. மலைமேல் இருப்பவரோடு நான் போட்டி போட முடியாது, அது எனக்கும் தெரியும். கொஞ்சம் வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு, விபத்து நடக்கிற இடங்களிலேயே போய்ச் சொல்லிப் பார்க்கலாம் என்று கே.ஜி.கண்டிகையில் ஒரு ரோட்டோர டீக்கடைக்குப் போனேன். கடைக்காரர் தேவராஜ் நல்ல மனுஷர். அந்தப் பக்கம் யார் அடிபட்டாலும் முதலில் ஓடுகிறவர் அவர்தான். வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, காயத்தில் சுத்தமான வெள்ளைத் துணியை மட்டும் வைத்து அழுத்த வேண்டும், ஒடிந்த காலை ஒரு குச்சியோடு சேர்த்து நேராகக் கட்டித்தான் தூக்க வேண்டும் என்று டீக்கடை பெஞ்சில் ஒருவரைப் படுக்க வைத்துச் செய்து காட்டினேன். கூட்டம் கூடிவிட்டது. தேவராஜ் முழுக்கக் கேட்டார், ஒரு தடவை கட்டியும் காட்டினார். பிறகு எனக்கு டீ கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க சொல்றது எல்லாம் சரிங்க சிஸ்டர். ஆனா சோடா குடுக்கலன்னா, கைய கட்டிகினு வேடிக்க பாத்தான்னு ஊரு என்னத்தானே பேசும்?"

நாலு கட்டில்

அடிபட்டவர்கள் வார்டு என்று பெரிய பேர். இருந்தது நாலே கட்டில். ஜன்னலோரம் இரண்டு, சுவரோரம் இரண்டு. சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் மேலதிகாரி ஒருவர் வந்து நின்றார். மூன்று கட்டில் காலி. நாலாவதில் கோவிந்தன் சலவைத் துணியை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

ரோட்டில் நிறையப் பேர் அடிபடுவதாகச் சொல்கிறீர்களே, அவர்கள் எங்கே என்று அதிகாரி கேட்டார். டாக்டருக்கு நைனாவின் பேரைத் தன் வாயால் சொல்லப் பிடிக்கவில்லை. நான்தான் சொன்னேன், கழுவித் தைப்பதற்கு இங்கே வருகிறார்கள், கட்டுக்கு அங்கே போகிறார்கள் என்று. அப்படியானால் இந்த நாலு கட்டிலையும் பிரசவ வார்டுக்குத் தள்ளிவிடலாம், அங்கே தாய்மார்கள் தரையில் படுக்கிறார்கள், அடுத்த தடவை தான் வரும்போதும் இப்படியே இருந்தால் அதைச் செய்யப்போவதாகவும் என்னை வேறு ஊருக்கு மாற்றப்போவதாகவும் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் வார்டை மூடினால், ரத்தம் கொட்டுகிறவனை அரக்கோணத்துக்கோ மெட்ராஸுக்கோ தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பாதிப் பேர் வழியிலேயே போய்விடுவார்கள். அது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. ரோட்டில் அடிபடுவதும் காலரா மாதிரி ஒரு வியாதிதான் என்றேன். அதற்கும் சீசன் உண்டு: திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டினால் ஒரு சுற்று, கிருத்திகைக்கு ஒரு சுற்று, கல்யாண மாசத்துக்கு ஒரு சுற்று. அதற்கும் இடம் உண்டு: அதே வளைவு, அதே ரயில்வே கேட். காலராவுக்கு முன்கூட்டியே கட்டில் போட்டு வைக்கிறோமே, இதற்கு மட்டும் ஏன் கூடாது என்று கேட்டேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது சொன்னார்: "காலரா வந்தவன் வேற எங்கயும் ஓடமாட்டாம்மா. ஆளே இல்லாத கட்டிலுக்கு நர்சு எதுக்கு?"

சுளுக்கு

அந்த ஆளிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடுவது என முடிவு செய்தேன். லீவு நாளில் சாதாரணக் கண்டாங்கிச் சேலையைக் கட்டிக்கொண்டு, வலது மணிக்கட்டில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். கிணற்றில் தண்ணீர் சேந்தும்போது சுளுக்கிக்கொண்டது என்று பொய் தயாராக இருந்தது. எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லி நான் கெஞ்சியபோது முகத்தைத் திருப்பிக்கொண்ட அதே கண்டக்டர்தான் அன்று வந்தார். என்னை அவருக்கு யூனிபாரம் இல்லாமல் அடையாளம் தெரியவில்லை. நைனா வாசலில் பஸ்ஸை நிறுத்தி, கையை ஆட்டாமல் பார்த்து இறங்கும்மா என்று என் பையை வாங்கிக் கீழே வைத்தார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

உள்ளே முற்றம் கொள்ளாத கூட்டம். மூங்கில் பட்டைகள் ஒரு பக்கம், பச்சிலை அரைத்த கல் ஒரு பக்கம், முட்டைக் கூடை ஒரு பக்கம், கிழித்து மடித்த துணி ஒரு பக்கம். குணமானவர்கள் கொண்டுவந்து உடைத்த தேங்காய் மூலையில் குவிந்து கிடந்தது. எங்கேயாவது அழுக்கு தெரிகிறதா என்று பார்த்தேன், தெரியவில்லை. அவர் போட்ட கட்டால் விரல் கறுத்த ஆள் ஒருத்தராவது இருக்கமாட்டாரா என்று தேடினேன், இல்லை. நைனா வெள்ளை வேட்டியும் தங்க மோதிரமும் காதில் கடுக்கனுமாக நடுவில் உட்கார்ந்திருந்தார். அடக்கமான ஆள் என்று சொல்லமாட்டேன். யாராவது புகழ்ந்தால் நிறுத்தச் சொல்லாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொருவரிடமும் எருமை கன்று போட்டதா, மகளுக்கு இடம் அமைந்ததா என்று விசாரித்துக்கொண்டே எலும்பை இழுத்தார். என் கை பட்டால் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கத்துகிற ஜனங்கள், அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு எருமைக்குப் பதில் சொன்னார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரே படம் ஒன்றை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தும் கொண்டார்.

என் முறை வந்தது. ஊர் கேட்டார். அரக்கோணம் என்றேன். பேர் கேட்டார். ஊருக்குப் பொய் யோசித்து வைத்தவள் பேருக்கு யோசிக்க மறந்துவிட்டேன். எஸ்தர் என்று உண்மையே வந்துவிட்டது. கையை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு மணிக்கட்டை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். கையை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார், வயசாகிவிட்டது, கண் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு நான் சுற்றியிருந்த துணியை எடுத்து மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஏமி லேதம்மா. கைல ஒண்ணும் இல்ல. உனக்கு வலி வேற எடத்துல இருக்குது."

எஸ்தரம்மா இருக்காங்களா

அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் என் நல்ல காலம் ஆரம்பித்தது. ஒரு மத்தியானம் ஆந்திரப் பக்கத்திலிருந்து மாட்டுவண்டியில் ஒரு லாரி கிளீனரைக் கொண்டுவந்தார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. ஆனால் காபித்தூள் இல்லை, விபூதி இல்லை, ஆள் சோடா குடித்திருக்கவில்லை. காயத்தின் மேல் துவைத்த வெள்ளைத் துணி. காலை நேரான பட்டையோடு சேர்த்துக் கட்டி, முடிச்சைக் காயம் இல்லாத பக்கமாகப் போட்டிருந்தார்கள். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. தேவராஜ் டீக்கடையில் நான் நடத்திய பாடம் எல்லை தாண்டிப் போயிருக்கிறது.

அடுத்த மாதம் இன்னொருவர். அப்புறம் ஒரு கல் உடைக்கிறவர். எல்லாருக்கும் எலும்பு வெளியே தெரிகிற காயம், எல்லாருக்கும் வெள்ளைத் துணி, நேரான கட்டு. டாக்டர் உடனே ஆபரேஷன் தியேட்டருக்கு எடுத்துப் போய்க் கழுவித் தைப்பார். அழுகாமல் காலைக் காப்பாற்ற முடிந்தது. இவர்கள் யாரும் கட்டை உரித்துப் போட்டுவிட்டு ஓடவில்லை என்பது அதைவிட ஆச்சரியம். நைனாவின் முற்றம் காலியாகிக்கொண்டிருக்கிறது என்று நானே கற்பனை செய்துகொண்டு சந்தோஷப்பட்டேன். கே.ஜி.கண்டிகை டீக்கடையில் சொன்னது நகரிக்கு அந்தப் பக்கத்து ஆளுக்கு எப்படித் தெரியும் என்று கோவிந்தன் ஒரு தடவை கேட்டார். நல்ல பேர் பரவ பஸ் வேண்டியதில்லை என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன்.

எல்லாவற்றையும்விட இனித்தது வேறொன்று. வருகிறவர்கள் டாக்டரைக் கேட்கவில்லை, என்னைப் பேர் சொல்லிக் கேட்டார்கள். அப்படி ஒரு பெண் புருஷனை வண்டியில் போட்டுக்கொண்டு வந்து, இறங்குவதற்கு முன்னாலேயே எஸ்தரம்மா இருக்காங்களா என்று விசாரித்தாள். நான்தான் என்றதும் கையெடுத்துக் கும்பிட்டாள். யார் சொல்லி அனுப்பினார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அவள் சொன்னதே போதும்போல இருந்தது: "எஸ்தரம்மா கையாலதான் காயத்த கழுவணும்னு கண்டிசனா சொல்லி அனுப்பிச்சாங்க."

ஜன்னல் காற்று

ஒரு பஸ் டிரைவரும் ஒரு பால்காரரும் ஒரே விபத்தில் வந்தார்கள். பால்காரர் சைக்கிளில் கேனோடு போய்க்கொண்டிருந்தார். பஸ் அவரை இடித்துத் தள்ளிவிட்டு, புளியமரத்தில் போய் முட்டிக்கொண்டது. பால்காரருக்குத் தோளும் கையும், டிரைவருக்குத் தொடை. ஆந்திராக்காரர்கள் இரண்டு பேர் ஏற்கெனவே சுவரோரக் கட்டில்களில் இருந்ததால், இந்த இரண்டு பேரையும் ஜன்னலோரம் பக்கத்துப் பக்கத்தில் போட வேண்டியதாகிவிட்டது.

இருவரும் பேசவில்லை. ஆனால் ஒருவருக்கு நான் என்ன செய்கிறேன் என்பதை இன்னொருவர் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தார். அவருக்கு மட்டும் இரண்டு தலையணையா என்பார் பால்காரர். அவருக்கு மட்டும் முதலில் ஊசியா என்பார் டிரைவர். டிரைவரின் அண்ணன் வந்து நைனாவிடம் போய்விடலாம் என்று காதில் ஓதியபோது, இவன் இருக்கும்போது நான் ஓடினால் தப்பு என் மேலே என்று ஆகிவிடும் என்று டிரைவர் மறுத்துவிட்டார். டிரைவர் இருக்கும்போது தான் மட்டும் ஏன் போக வேண்டும் என்று பால்காரரும் இருந்துவிட்டார். பொறாமையால் இந்த உலகத்தில் ஒரு நல்லது நடந்தது என்றால் அது அந்த இரண்டு எலும்பும் கூடியதுதான்.

பழைய அதிகாரி மறுபடியும் சொல்லாமல் வந்தபோது நாலு கட்டிலும் நிறைந்திருந்தது. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் பின்னாலேயே போனேன். ஜன்னலோரம் வந்து பால்காரரிடம், இங்கே நன்றாகக் கவனித்துக்கொள்கிறார்களா என்று கேட்டார். பால்காரர் பக்கத்துக் கட்டிலைக் காட்டிச் சொன்னார்: "ரோட்டுல எனக்கு எடம் உடாத மனுசன், இங்க ஆள வெச்சு தன் கட்டில நவுத்திப் போட்டு எனக்கு ஜன்னல் காத்து உடறாரு சார்."

நைனா வருகிறார்

அதிகாரி சிரித்துவிட்டுப் போனார், கட்டில்கள் பிழைத்தன. ஆந்திராக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள், நான் தலைகால் தெரியாமல் இருந்தேன். அப்போதுதான் ஒரு காலை நேரத்தில் அந்த அதிசயம் நடந்தது. திருப்பதிப் பக்கமிருந்து வந்த பஸ் ஒன்று எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. கண்டக்டர், அதே கண்டக்டர், குதித்து ஓடிவந்தார். கடைசி நீள சீட்டில் நைனாவைப் படுக்க வைத்திருந்தார்கள். அவர் வீட்டு வாசலில் நின்ற பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து ரோட்டைக் கடந்திருக்கிறார். நிற்கிற பஸ்ஸை முந்திக்கொண்டு வந்த வேன் அடித்துவிட்டது. அவரிடமே கட்டுப் போடக் கற்ற மகன் அழுதுகொண்டே வீட்டிலேயே பார்க்கலாம் என்றானாம். திருத்தணிக்கு விடு என்று இவர் அதட்டினாராம்.

முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. கடைசியில் இங்கேதானே வந்தாய் என்று. அப்புறம் காலைப் பார்த்தேன். எலும்பு வெளியே தெரிந்தது. அதன்மேல் துவைத்த வெள்ளைத் துணி. நேரான மூங்கில் பட்டை. காயம் இல்லாத பக்கமாகப் போட்ட முடிச்சு. அந்த முடிச்சை நான் எத்தனை கால்களில் அவிழ்த்திருக்கிறேன். டீக்கடை பெஞ்சில் நான் நடத்திய பாடத்தில் முடிச்சைப் பற்றி ஒரு வார்த்தைகூட நான் சொல்லவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சிஸ்டர், கத்தரி என்று டாக்டர் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் கொடுத்தேன்.

கால் பிழைக்குமா, எடுக்க வேண்டியிருக்குமா என்று முதல் சில நாள் டாக்டருக்கே தெரியவில்லை. அந்த வயசில் சீழ் வைத்தால் காலோடு நிற்காது. மாவுக்கட்டில் காயத்துக்கு நேராக ஒரு ஜன்னல் வெட்டி, அதன் வழியாகக் காலையும் மாலையும் நான் கழுவினேன். வேறு யாரையும் தொடவிடவில்லை. நைனா நல்ல நோயாளி இல்லை. கட்டு கனக்கிறது என்பார், அரிக்கிறது என்பார், கஞ்சியில் உப்பில்லை என்பார். ஆனால் கழுவும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கிடப்பார். காயத்தில் சிவப்பாகப் புதுச் சதை தெரிந்த அன்று நான் கேட்டேவிட்டேன், அத்தனை பேரையும் அனுப்பியது நீங்கள்தானா என்று.

அவர் மறைக்கவில்லை. எலும்பு வெளியே வந்த காலைத் தான் தொடுவதில்லை, இலை வைத்தால் அழுகிவிடும் என்றார். முன்னெல்லாம் அப்படிப்பட்டவர்களை மெட்ராஸுக்குப் போகச் சொல்வாராம், பாதிப் பேர் போகமாட்டார்களாம். நான் சுளுக்கு என்று போய் நின்ற அன்று என் கையில் பினாயில் வாசனை அடித்ததாம். ஆஸ்பத்திரிக்காரி, வேவு பார்க்க வந்திருக்கிறாள் என்று கையை முகர்ந்ததுமே தெரிந்துவிட்டதாம், எங்களிடமிருந்து ஓடிவந்தவர்கள் வாயில் எஸ்தர் என்ற பேரையும் கேட்டிருந்தாராம், ஆனால் ஒன்றும் தெரியாத மாதிரி இருந்துகொண்டாராம். இவ்வளவு வயிற்றெரிச்சல் இருக்கிறவள் வேலையை அரைகுறையாகச் செய்யமாட்டாள் என்று அன்றே தோன்றிவிட்டதாம். எனக்கு நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. என் நாலு கட்டிலும், என் பேரும், எல்லாம் இவர் போட்ட பிச்சையா? நான் பஞ்சை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அவர் என் முந்தானையைப் பிடிக்காத குறையாக நிறுத்திவைத்துச் சொன்னார்: "நான் அனுப்பினவன் ஒருத்தனாவது திரும்பி வந்து எனக்கொரு தேங்கா ஒடச்சானா, சொல்லும்மா. எவனப் பாத்தாலும் எஸ்தரம்மா, எஸ்தரம்மான்றான். எனக்கும்தான் எரியுது."

அவர் எங்கள் நாலாவது கட்டிலில் இருந்த வரைக்கும், பார்க்க வருகிற ஜனங்களுக்காக எல்லா பஸ்களும் எங்கள் வாசலில் நின்றன. அவர் கால் கூடி ஊன்றுகோலோடு வீட்டுக்குப் போன மறுநாளிலிருந்து பழையபடி எங்கள் காம்பவுண்டுச் சுவரை உரசிக்கொண்டு அவர் வாசலுக்கே போகத் தொடங்கிவிட்டன.